நாலு மணிப் பசி

தூத்துக்குடியில் மாலை நாலு மணி ஆகிவிட்டதென்று அறியக் கடிகாரம் வேண்டாம். டீக்கடை எண்ணெய்ச் சட்டியில் வாழைக்காய் பஜ்ஜி விழும் சத்தம் போதும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆமவடையும் சுசியமும் ஏறிவிடும். பேக்கரித் தட்டுகளில் மக்ரூன் வெள்ளைக் கூம்புகளாக நிறையும். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓரம்கட்டி நிற்கும். பள்ளி விட்ட பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், மீன் விற்று முடித்த பெண்கள் என்று எல்லோருடைய கையும் ஏதோ ஒரு தட்டை நோக்கி நீளும்.

எடையைக் குறைத்தே தீருவது என்று முடிவெடுத்தவர்களின் உறுதி உடைவதும் இந்த நேரத்தில்தான். காலையில் இரண்டே இட்லி, மதியம் பாதிச் சோறு என்று எல்லாம் சரியாகப் போயிருக்கும். நாலரை மணிக்கு வயிறு கிள்ளும். "ஒண்ணே ஒண்ணு" என்று தொடங்கி நாலு வடையில் முடியும். அன்றிரவு, "எனக்கு வாயைக் கட்டத் தெரியல" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு படுப்பார்கள். மறுநாள் இன்னும் குறைவாகச் சாப்பிடுவார்கள். மறுநாள் மாலை இன்னும் மோசமாகப் போகும்.

அப்படித் திட்டிக்கொள்வது வீண் என்பது மட்டுமில்லை, தப்பும்கூட. இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே வரும் பசிக்கு உடம்புக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரியாமல் அதோடு மல்லுக்கு நிற்பவர்தான் தோற்கிறார்.

மணியடிக்கும் வயிறு

1999-இல் ஜப்பானில் மசயாசு கோஜிமா, கென்ஜி கங்காவா என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். கிரெலின் என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கும் இது, ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய் "சாப்பிடு" என்று சொல்கிறது. அடுத்த சில ஆண்டுகளில், நாள் முழுக்க ரத்தத்தை எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் சற்று முன்னால் கிரெலின் ஏறுகிறது, சாப்பிட்டதும் இறங்குகிறது.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. ஒரு நாளுக்கு மேல் எதுவும் உண்ணாமல் இருந்தவர்களிடமும், அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் வந்ததும் கிரெலின் ஏறியது. உணவு கிடைக்காதபோதும் கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கியது. மன்னார் வளைகுடாக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அலை வரும், ஏறும், உடையும், திரும்பும். பசியும் அப்படித்தான். இப்போது விட்டால் ஏறிக்கொண்டே போய் ஆளைக் கொன்றுவிடும் என்று தோன்றுவது பசியின் உச்சியில் மட்டும்தான். அரை மணி, முக்கால் மணி நேரம் வேறு வேலையில் போனால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிகிறது. தினமும் நாலரை மணிக்கு வடை கொடுத்துப் பழக்கினால், நாலேகாலுக்கே வயிறு மணியடிக்கும். அந்தப் பசி பொய்யில்லை. வயிறு உண்மையாகவே இரைகிறது, கை உண்மையாகவே தளர்கிறது. ஆனால் அந்த மணியைப் பூட்டி வைத்தவர் நாமேதான். பல வாரப் பழக்கத்தில் வந்தது, சில வாரப் பழக்கத்தில் மாறும்.

வயிற்றுப் பசி எது, வாய்ப் பசி எது என்று பிரித்தறிய நம் பழமொழியே போதும். பசி ருசி அறியாது. நாலரை மணிக்கு உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்: இப்போது அவித்த தட்டைப்பயறு, உப்பு மட்டும் போட்டது, ஒரு கிண்ணம் தந்தால் சாப்பிடுவேனா? 'சாப்பிடுவேன்' என்றால் அது பசி. தயங்காமல் சாப்பிட்டுவிடுங்கள். 'பயறெல்லாம் வேண்டாம், மக்ரூன் என்றால் சரி' என்றால் அது ருசியின் அழைப்பு. ருசியின் அழைப்பும் குற்றமில்லை. ஆனால் பசிக்குக் கொடுக்கிற அளவை அதற்குக் கொடுத்தால் எடை குறையாது.

மக்ரூனைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும், அது இந்த ஊரின் பெருமை. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றே பொருள். மைதா கிடையாது, எண்ணெய் கிடையாது. வெளியூர் போகிறவர் கையில் அட்டைப்பெட்டி இல்லாமல் ரயிலேறினால் உறவே கோபித்துக்கொள்ளும். வாயில் போட்டதும் கரைகிறது, கனமே இல்லை, அதனால் 'லேசானது' என்று மனசு எண்ணிக்கொள்கிறது. கணக்கு வேறு சொல்கிறது. சர்க்கரை 100 கிராமில் சுமார் 400 கலோரி. முந்திரி 100 கிராமில் 550-க்கு மேல். வெள்ளைக்கருவின் தண்ணீர் அடுப்பில் வற்றிவிடுகிறது. எந்த விகிதத்தில் கலந்தாலும் 100 கிராம் மக்ரூன் 400-க்குக் கீழே அநேகமாக இறங்காது. மெல்ல வேண்டியதே இல்லாததால் வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போகும் முன் பொட்டலம் காலியாகிவிடும். சாப்பாடு முடிந்த கையோடு இரண்டு தின்பவருக்கு மக்ரூன் விருந்து. பசித்த வயிற்றோடு பொட்டலத்தைப் பிரிப்பவருக்கு அது பொறி.

டீயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கரண்டிச் சர்க்கரை சுமார் 10 கிராம், அதில் 40 கலோரி. துறைமுகத்திலும் லாரி ஷெட்டிலும் ஒரு நாளைக்கு ஐந்து டீ சாதாரணம். பாலைக் கணக்கில் சேர்க்காமலே 200 கலோரி போய்விடுகிறது, அதில் பசி கால்வாசிகூட அடங்குவதில்லை.

பசியை வென்ற மாவட்டம்

எடை குறைப்பதைப் பேசும்போது கொஞ்சம் நின்று நினைக்க வேண்டிய இடம் இது. 1956-இல் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இதே மாவட்டத்து எட்டயபுரத்தில். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்ற எளிய உண்மையை அரசு ஏற்றுக்கொண்ட நாள் அது. அன்று பிள்ளையாக இருந்தவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். ஒரே ஆயுளுக்குள் காட்சி தலைகீழாகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். ஆண்களில் 37 சதவீதம்.

ஆனாலும் பசி இந்தக் கரையை விட்டு முழுக்கப் போய்விடவில்லை. விடியுமுன்னே உப்பளத்துக்குப் போய், கண் கூசும் வெயிலில் உப்பு வாருகிற பெண்ணின் பதினோரு மணிப் பசி, அடக்க வேண்டிய பசி கிடையாது. அது உழைப்பு கேட்கும் கூலி. அவருக்குச் சோறும் தண்ணீரும் நிழலும் வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் யோசனை எதுவும் அவருக்காக எழுதப்பட்டதில்லை. வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூட இல்லை. பசி என்றாலே கெட்டது என்று பிள்ளைகள் காதுபடப் பேசுவதை, டயட்டில் இருக்கிற அம்மாக்களும் அப்பாக்களும் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

கோளாறு மதியத் தட்டில்

1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். 38 உணவுகளை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே 240 கலோரி அளவில் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை 'வயிறு எப்படி இருக்கிறது' என்று கேட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அளந்தார்கள். கேக்குக்கு 65. வெண்ணெய் மடித்த குரோசான் ரொட்டிக்கு 47, அதுதான் கடைசி. வேர்க்கடலைக்குக்கூட 84தான், ஒரு கைப்பிடியிலேயே கலோரி அவ்வளவு அடர்ந்து கிடப்பதால். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயை வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். ஒரு துண்டு என்றால் ஒரு துண்டு. முட்டைக்கு 150. ஆரஞ்சுப் பழத்துக்கு 202. அவித்த உருளைக்கிழங்கு 323 வாங்கி எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. மீனுக்கு 225.

அந்தக் கடைசி எண்ணைத் தூத்துக்குடிக்காரர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். சாளையும் நெத்திலியும் பாறையும் ஊளியும் கரைக்கு வந்து இறங்கும் ஊரில் வாழ்கிறோம். ஒரே கலோரிக்கு ரொட்டியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வயிற்றை நிறைப்பது நம் வாசலில் கூடையில் வருகிறது. ஆனால் மதியத் தட்டைப் பாருங்கள். மலையாகச் சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு துண்டு மீன். அந்தத் துண்டும் வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போன பிறகு, சமைத்தவர் தட்டில் குழம்பு மட்டும் மிஞ்சும். 2025-இல் வெளியான, நாடு தழுவிய ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு, இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. அதில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புரதத்தை வைத்தாலே சர்க்கரை நோய் அபாயம் குறையும் என்றும் சொன்னது.

எடை குறைக்கிறவர் செய்கிற பெரிய தப்பு இங்கேதான் நடக்கிறது. சோற்றைப் பாதியாக்குகிறார், ஆனால் காலியான அந்தப் பாதித் தட்டில் எதையும் வைப்பதில்லை. ஒரு மணிக்குப் பாதி வயிறாக எழுந்தவருக்கு நாலு மணிக்குக் கண் இருட்டாமல் என்ன செய்யும்? சோற்றைக் குறைத்த இடத்தில் இரண்டு துண்டு மீனும், ஒரு கை முருங்கைக்கீரையோ அவரைக்காயோ, கெட்டியான பருப்பும் வந்து உட்கார வேண்டும். மீன் குழம்பு மீனாக இருக்கட்டும். எண்ணெயில் மூழ்கி எழுந்த வறுவலில் கணக்கு மாறிவிடும், ஏனென்றால் எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிவிடும். அந்த நாட்களில் முட்டை இருக்கிறது. பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் இருக்கின்றன. சைவர்களுக்கு ஆண்டு முழுக்க அவைதான் மீன்.

மதியத் தட்டு சரியான பிறகும் நாலு மணிக்குப் பசித்தால் என்ன தின்பது? நம் ஊரே பட்டியல் வைத்திருக்கிறது, காலம் பார்த்துக் கொடுக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பனங்கிழங்கு. உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணில் விளைந்த கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலுரித்து, நடுவில் உள்ள தும்பை உருவி, நாரை இழுத்து இழுத்து மெல்ல வேண்டும். அவசரமாகத் தின்னவே முடியாது. வயிறு நிறைந்த செய்தி மூளையைச் சேர இருபது நிமிடம் போல ஆகும் என்பார்கள். கிழங்கு தின்பவருக்கு அந்த நேரம் மெல்லுவதிலேயே போய்விடுகிறது. மக்ரூனுக்கு நேர் எதிரான தின்பண்டம் உலகத்தில் உண்டென்றால் அது பனங்கிழங்குதான். சித்திரை, வைகாசியில் நுங்கு, பெரும்பகுதி தண்ணீர், கலோரி சொற்பம். மற்ற மாதங்களில் கொய்யா, வெள்ளரிப் பிஞ்சு, கரிசல் காட்டுக் கம்பங்கூழில் மோர் ஊற்றி ஒரு குவளை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுண்டல்.

ஒரு எச்சரிக்கை. பனையிலிருந்து வந்ததெல்லாம் எடையைக் குறைக்கும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. உடன்குடிக் கருப்பட்டியின் மணமும் சுவையும் வேறெதற்கும் வராது, அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதி சர்க்கரைதான். கலோரியில் வெள்ளைச் சீனிக்கு அதிகம் பின்தங்காது. சீனியை நிறுத்திவிட்டேன் என்று நிம்மதியாகக் கருப்பட்டிக் காப்பியை இரண்டு மடங்கு குடிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பதநீரும் அப்படித்தான். பனையேறியின் உழைப்புக்கு மரியாதை செய்யுங்கள், நல்ல விலை கொடுத்து வாங்குங்கள், அளவோடு குடியுங்கள்.

விரதம் தெரிந்த கரை

பசியோடு பழகத் தெரியாதவர்களா நாம்? குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு மாலை போட்டு வேடம் கட்டுகிறவர்கள் நாள்கணக்காக விரதம் இருக்கிறார்கள். பலர் ஒரு வேளைதான் சாப்பிடுகிறார்கள், அதோடு தங்கள் தொழிலையும் பார்க்கிறார்கள். காயல்பட்டினத்தில் ரமலான் முப்பது நாளும் பகலில் தண்ணீர்கூட இறங்காது. கடற்கரை ஊர்களில் தவக்காலம் நாற்பது நாள். கடலுக்குள் மூச்சடக்கி முங்குகிற தொழிலிலும் வயிறு நிறைய உண்டுவிட்டு இறங்க முடியாது. பாரசீக வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் காலையில் பேரீச்சம்பழமும் காப்பியும் மட்டும் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகே சாப்பாட்டில் உட்கார்ந்தார்கள். தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனாலும் சங்கு குளிப்பது நிற்கவில்லை.

நோன்பிருப்பவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: முதல் மூன்று நாலு நாள் கடினம், பிறகு பழகிவிடும். பசி நேரம் பழகுகிறது என்று ஆய்வுக்கூடம் சொன்னதை இவர்கள் உடம்பால் அறிந்திருக்கிறார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். நோன்பு திறக்கிறவருக்கு முதலில் கஞ்சி வைத்த முன்னோர்கள் அறிவாளிகள். அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்து குழைந்த அந்தச் சூடான கஞ்சி வயிற்றில் மெல்ல இறங்கி, வேகத்தைத் தணிக்கிறது. அதைத் தள்ளி வைத்துவிட்டு எண்ணெய்ப் பலகாரத்தில் கைவைக்கிற வீடுகளில் நோன்பு மாதத்திலும் எடை ஏறும்.

ஆகவே பசியைத் தாங்குகிற திறமை நமக்குக் குறைவில்லை. விரதத்தில் நேரம் உண்டு, காரணம் உண்டு, கூட இருப்பவர்களின் துணை உண்டு. டயட் என்று வரும்போது மட்டும் ஆள் தனியாக நிற்கிறார், வீட்டில் மற்ற எல்லோரும் அவர் எதிரே பஜ்ஜி தின்கிறார்கள். எடை குறைக்க நினைப்பவர் வீட்டில் இருந்தால், அவர் முன்னால் தட்டை நீட்டாமல் இருப்பது குடும்பத்தின் கடமை.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரோட்டாக் கடைக்கு 'நைட் கிளப்' என்று பெயர் வைத்த ஊர் இது. பொரித்த பரோட்டாவில் சால்னா ஊற்றி வைக்கும்போது வேண்டாம் என்று எழுந்துவர யாரால் முடியும்? அந்த நேரத்துப் பசிக்குத் தூக்கக் குறைவும் ஒரு காரணம். 2004-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கிய இரவுகளோடு ஒப்பிட, பசி தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. தூத்துக்குடி பெருந்துறைமுகமாகி 50 ஆண்டு கடந்துவிட்டது. கிரேனிலும் யார்டிலும் லாரியிலும் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள், வேலைக்குப் போகுமுன் ஒழுங்கான சாப்பாட்டை முடித்து, நடுராத்திரிக்கு இரண்டு அவித்த முட்டையோ சுண்டலோ கையில் கொண்டுபோவது நல்லது. காலையில் வந்து தூங்கும் தூக்கத்தை வீட்டார் கெடுக்கக் கூடாது.

கடைசியாக, எடை குறைந்த பிறகும் பசி குறையாமல் இருப்பவர்களுக்கு. 2011-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், பத்து வாரத்தில் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தார்கள். பசி ஹார்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் கூடுதலாகவே இருந்தது. உடம்பு இழந்ததைத் திரும்பக் கேட்கிறது. அதனால்தான் மாதம் பத்து கிலோ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போக வேண்டாம் என்கிறேன். மெதுவாகக் குறையுங்கள், குறைத்த பிறகும் அதே தட்டோடு இருங்கள். 2025-இல் டிர்செபடைட், எடைக் குறைப்புக்கான செமாகுளுடைட் ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. அவை செய்கிற முக்கிய வேலை பசியின் குரலைத் தாழ்த்துவதுதான். ஒரு ஊசியில் பசி அடங்குகிறது என்றால், அதுவரை அடங்காதது அந்த மனிதரின் ஒழுக்கக் குறைவால் இல்லை என்பது விளங்குகிறது. ஆனால் செமாகுளுடைட்டை நிறுத்தியவர்கள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றார்கள் என்பது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. தேவை உள்ளவர்கள் மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்ளட்டும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வேண்டாம்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் "அலை தானாக இறங்கும்" என்று காத்திருக்கவே கூடாது. அவர்களுக்கு வியர்வையும் நடுக்கமும் படபடப்புமாக வரும் பசி, சர்க்கரை ஆபத்தாகக் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். உடனே சர்க்கரை கலந்த நீரையோ இனிப்பையோ சாப்பிட வேண்டும், பிறகு மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைச் சரிபார்க்க வேண்டும்.

துறைமுகத்திலும் ஆலைகளிலும் பள்ளி கல்லூரிகளிலும் கேண்டீன் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாலு மணி டீக்கு வடைத் தட்டு வைக்கிற மேசையில், ஒரு பாத்திரம் சுண்டலும் வையுங்கள். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பட்டாணி எதுவானாலும் சரி, கொஞ்சம் மாங்காய், தேங்காய் தூவி, வடைக்கு முன்னால் கைபடும் இடத்தில், வடையைவிடக் குறைந்த விலையில். முந்தின இரவு ஊறப்போட மறக்காதீர்கள்.